கண்ணாடிக் கடையா, கண் மருத்துவமனையா: கடலூர், புதுவை வட்டாரத்தில் கண்ணை முதலில் யாரிடம் காட்டுவது?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பேருந்து ஏறிப் புதுச்சேரிக்குப் போகும் ஒருவர், சுமார் 20 கிலோமீட்டர் தொலைவுக்குள் கண்ணைக் காட்டிக்கொள்வதற்கு எத்தனையோ இடங்களைக் கடந்து செல்கிறார். புறப்படும் இடத்திலேயே அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. பிள்ளையார்குப்பத்தில் மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரி, அடுத்துத் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை, நகருக்குள் இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனை, அதையும் தாண்டிக் கோரிமேட்டில் மத்திய அரசின் ஜிப்மர் மருத்துவமனை. இவற்றுக்கு நடுவே, கம்ப்யூட்டர் கண் பரிசோதனை இலவசம் என்று பலகை வைத்த ஆப்டிக்கல்ஸ் கடைகள் வழியெங்கும் உள்ளன. வசதிக்குக் குறைவில்லாத இந்த வட்டாரத்திலும் காப்பாற்றியிருக்கக்கூடிய பார்வையை இழந்தவர்களைப் பார்க்கிறோம். அவர்களில் பலர் மருத்துவத்தை நாடாமல் இருந்தவர்கள் அல்லர். தமக்கு இருந்த குறைக்குப் பொருந்தாத இடத்தை நம்பிச் சில மாதங்களையோ சில ஆண்டுகளையோ கழித்துவிட்டவர்கள்.

இங்கே ஒப்பிட வேண்டியவர்கள் முதன்மையாக மூன்று பேர்: கண் மருத்துவர், ஆப்டோமெட்ரிஸ்ட், கண்ணாடி செய்து தரும் ஆப்டிஷியன். மூவரில் யார் உயர்ந்தவர் என்ற கேள்வியால் பயனில்லை. ஒவ்வொருவரும் எதைப் பார்க்கப் பயிற்சி பெற்றவர், எதைப் பார்க்கும் கருவியோ அதிகாரமோ இல்லாதவர் என்பதைத் தெரிந்துகொண்டால் முடிவு தானாகவே அமையும். அதற்கும் முன்பாக ஒன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்: கண்ணாடி போட்டதும் எழுத்து தெளிவாகத் தெரிந்துவிட்டது என்பது, கண் நலமாக இருக்கிறது என்பதற்குச் சான்று ஆகாது. இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் மற்ற ஆலோசனைகள் பெரும்பாலும் இதிலிருந்தே பிறக்கின்றன.

கண் மருத்துவர் என்பவர் ஐந்தரை ஆண்டு எம்.பி.பி.எஸ். படிப்பை முடித்து, அதன்மேல் கண் மருத்துவத்தில் மூன்றாண்டு எம்.எஸ். அல்லது டி.என்.பி., இல்லையெனில் டி.ஓ. என்னும் இரண்டாண்டுப் பட்டயம் பெற்றவர். நோயைக் கண்டறிவதும், மருந்து எழுதுவதும், ஊசி போடுவதும், லேசர் சிகிச்சையும், அறுவை சிகிச்சையும் அவருக்கு உரியவை. ஆப்டோமெட்ரிஸ்ட் நான்காண்டுப் பட்டப் படிப்பு படித்தவர். அதில் கடைசி ஓராண்டு பயிற்சிக் காலம். கண்ணின் ஒளியியல், பார்வை அளவு, இரு கண்களும் இணைந்து செயல்படும் விதம், கான்டாக்ட் லென்ஸ் ஆகியவை அவருடைய களம். கண் நோயின் அடையாளங்களை இனங்கண்டு மருத்துவரிடம் அனுப்பவும் அவர் பயிற்சி பெற்றிருக்கிறார். ஆனால் நம் நாட்டில் நோய்க்குச் சிகிச்சை அளிப்பதோ அறுவை செய்வதோ அவர் பணியில் அடங்காது. ஆப்டிஷியன், பிறர் எழுதித் தந்த அளவின்படி லென்ஸைத் தேர்ந்து, வெட்டி, ஃபிரேமில் பொருத்தித் தருபவர்.

நடைமுறையில் சிக்கல் எங்கே எழுகிறது என்றால், கடைக்குள் சோதனை செய்பவர் யார் என்பது வாடிக்கையாளருக்குத் தெரிவதில்லை. சில கடைகளில் பட்டம் பெற்ற ஆப்டோமெட்ரிஸ்ட் இருக்கிறார். சிலவற்றில் இரண்டாண்டுப் பட்டயம் படித்தவர். இன்னும் சிலவற்றில் முறையான படிப்பு எதுவுமின்றி, கருவியை இயக்கப் பழகிய பணியாளர். ஆப்டோமெட்ரி உள்ளிட்ட துணை மருத்துவத் தொழில்களை முறைப்படுத்துவதற்கென நாடாளுமன்றம் 2021-இல் சட்டம் இயற்றியுள்ளது. என்றாலும், சோதிப்பவரின் படிப்பு என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் பொறுப்பு இன்றைக்கும் நம்மிடமே இருக்கிறது. கேட்பதில் தயக்கமே வேண்டாம். முறையாகப் படித்தவர் அந்தக் கேள்வியால் வருத்தப்பட மாட்டார்.

பவர் பார்ப்பதை மட்டும் எடுத்துக்கொண்டால், இதற்கும் பெரிய டாக்டரே வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பது வீண் என்பதே என் கருத்து. கம்ப்யூட்டர் சோதனை என்று நாம் சொல்லும் கருவி தருவது ஒரு தோராயமான தொடக்கம்தான். அதன்பிறகு ஒவ்வொரு லென்ஸாக மாற்றி, இது தெளிவா அது தெளிவா என்று கேட்டு, கருவிழி வளைவின் சீரின்மையைச் சரிசெய்யும் சிலிண்டர் பவரையும் அதன் கோணத்தையும் சரிபார்த்து, இரு கண்களையும் சமன்செய்து, பின்னர் படிக்கும் தூரத்துக்குத் தனியாகச் சோதித்து முடிப்பதற்குப் பொறுமையும் நேரமும் தேவை. கூட்டம் நிறைந்த புறநோயாளர் பிரிவில் மருத்துவருக்கு அந்த நேரம் கிடைப்பதில்லை; பெரிய கண் மருத்துவமனைகளிலும் அந்த வேலையைச் செய்து முடிப்பவர்கள் ஆப்டோமெட்ரிஸ்டுகளும் பயிற்சி பெற்ற பணியாளர்களும்தான். ஆகவே கருவி அச்சிட்டுத் தரும் சீட்டை வைத்தே கண்ணாடி எழுதித் தரும் கடையைத் தவிர்க்க வேண்டும். பொறுமையாக லென்ஸ் மாற்றிப் பார்க்கும் ஆப்டோமெட்ரிஸ்டைத் தாராளமாக நம்பலாம்.

ஆப்டிஷியனின் கைத்திறனை நாம் குறைத்து மதிப்பிடுகிறோம். சரியான பவர் எழுதியிருந்தும் கண்ணாடி ஒத்துக்கொள்ளவில்லை என்று வருபவர்களில் பலருக்கு, கண்மணிகளுக்கு இடையேயான தூரம் தவறாக அளக்கப்பட்டிருப்பதோ, தூரத்துக்கும் படிப்பதற்கும் ஒன்றாக உதவும் புரோகிரசிவ் லென்ஸின் உயரம் முகத்துக்கேற்பக் குறிக்கப்படாமல் இருந்ததோதான் காரணமாக இருக்கும். அதிக பவர் உள்ளவர்களும், முதன்முதலாகப் புரோகிரசிவ் அணிபவர்களும், விலைத் தள்ளுபடியைவிட, ஃபிரேமை முகத்தில் மாட்டிப் பார்த்து அளவெடுத்துக் குறிக்கும் கடையைத் தேடுவது நல்லது. குழந்தைகளுக்கு எளிதில் உடையாத பாலிகார்பனேட் லென்ஸைக் கேட்டு வாங்க வேண்டும்.

இனி நாற்பது வயதைப் பற்றி. வெள்ளெழுத்து அநேகமாக எல்லாருக்கும் அந்த வயதை ஒட்டி வருகிறது. பேருந்து நிலையத்து வாசலில் விற்கும் ஆயத்தக் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டாலும் செய்தித்தாள் படிக்க முடிந்துவிடுகிறது. ஆபத்து தொடங்குவது அங்கேதான். கிளாக்கோமா என்னும் கண் நீர் அழுத்த நோய் தலைகாட்டத் தொடங்குவதும் பெரும்பாலும் அந்த வயதுக்கு மேல்தான். அந்த நோய் பக்கப் பார்வையைச் சிறிது சிறிதாக அரித்துக்கொண்டே, நேர்ப்பார்வையைக் கடைசி வரை விட்டுவைக்கிறது. நோய் முற்றிய நிலையிலும் ஒருவர் சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படித்துவிடக்கூடும். கடையில் சோதித்தவர் கண் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடுவார். இழந்த பக்கப் பார்வையை எந்தச் சிகிச்சையாலும் மீட்க முடியாது. எஞ்சியிருப்பதைக் காப்பாற்ற மட்டுமே முடியும்.

என் உறவினர் ஒருவர், நெல்லிக்குப்பம் பக்கத்தில் கரும்பு விவசாயம் செய்தவர், மாலையில் வண்டி ஓட்டும்போது பக்கத்தில் வருபவர் தெரியவில்லை என்று சொல்லிச் சொல்லிக் கண்ணாடியை மாற்றிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு முறையும் புதுக் கண்ணாடியில் எழுத்துகள் தெளிவாகவே தெரிந்தன. கடைசியில் மருத்துவர் கண் நரம்பைப் பார்த்தபோது ஒரு கண்ணில் நரம்பு பெரும்பாலும் பட்டுப்போயிருந்தது. அவருடைய உடன்பிறந்தவர்கள் அனைவரும் உடனே சோதித்துக்கொள்ள வேண்டும் என்று அப்போதுதான் எங்களுக்குச் சொல்லப்பட்டது. இந்த நோய் குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது. கண்ணின் அழுத்தம் பாதரச அளவில் 10 முதல் 21 மில்லிமீட்டர் வரை இருப்பது இயல்பு என்கிறார்கள். ஆனால் அழுத்தம் இயல்பாக இருக்கும்போதே நரம்பு பாதிக்கப்படுபவர்களும் உண்டு. எனவே காற்றை ஊதி அழுத்தம் பார்க்கும் கருவி ஒரு கடையில் இருப்பது மட்டும் போதாது. நரம்பை நேரில் பார்க்க வேண்டும், ஐயம் இருந்தால் பக்கப் பார்வையை அளக்கும் பார்வைப் புலச் சோதனை செய்ய வேண்டும், எல்லாவற்றையும் சேர்த்து எடைபோட மருத்துவர் வேண்டும். நாற்பதை எட்டியவர் வெள்ளெழுத்துக் கண்ணாடிக்காகச் செல்லும் முதல் சோதனையைக் கண் மருத்துவரிடமே வைத்துக்கொள்வதும், அவர் குறையில்லை என்று சொன்னபின் இடைப்பட்ட ஆண்டுகளில் பவருக்கு மட்டும் ஆப்டோமெட்ரிஸ்டிடம் செல்வதும் சிறந்த வரிசை என்று கருதுகிறேன்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இதில் தெரிவு என்பதே கிடையாது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் கண்டறியப்பட்ட நாளிலேயே ஒருமுறையும், அதன்பின் ஆண்டுக்கொரு முறையும், கண்மணியை விரியச்செய்யும் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். விழித்திரை நாளங்கள் கசியத் தொடங்கியும், புதிய நாளங்கள் முளைக்கத் தொடங்கியும்கூடப் பார்வை 6/6 என்ற இயல்பான அளவிலேயே இருக்கலாம். லேசரும் ஊசியும் நன்கு பயன்தருவது அந்தக் கட்டத்தில்தான். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் கடலூர் மாவட்டத்திலும் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது. அதனால் மருத்துவமனைப் பக்கமே போகாதவர்களுக்குக் கண் சோதனை விட்டுப்போகக் கூடாது என்பதைப் பிள்ளைகள் கவனித்துக்கொள்ள வேண்டும். இன்னொன்றும் உண்டு. இரத்தத்தில் சர்க்கரை ஏறியிறங்கும்போது கண்ணின் வில்லை நீரேறி உப்பிப் பவரே மாறிவிடும். அந்த நேரத்தில் அளவெடுத்துச் செய்த கண்ணாடி சில வாரங்களில் பயனற்றுப் போகும். சர்க்கரை இருக்கிறதா என்று கேட்காமல் பவர் எழுதுபவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

குழந்தைகள் விஷயத்தில் கண்ணாடிக் கடையை முதல் இடமாகக் கொள்ளவே கூடாது. குழந்தையின் கண் தன்னையறியாமல் குவியத்தை மாற்றிக்கொண்டே இருப்பதால், கம்ப்யூட்டர் கருவி இல்லாத கிட்டப்பார்வையைக் காட்டும். இருக்கும் தூரப்பார்வையை மறைக்கும். மருந்து விட்டு அந்த அசைவைத் தளர்த்திய பிறகு எடுக்கும் அளவே நம்பத்தக்கது. ஒரு கண்ணில் மட்டும் குறையிருந்தால் குழந்தை அதைச் சொல்லவே சொல்லாது. மற்றொரு கண்ணால் சமாளித்துக்கொள்ளும். பயன்படுத்தப்படாத கண் சோம்பல் கண்ணாகிவிடும். கண்ணாடி கொடுத்து, நல்ல கண்ணைச் சில மணிநேரம் மூடிவைத்துப் பழக்கும் சிகிச்சை ஏழெட்டு வயதுக்குள் தொடங்கினால் மிக நல்ல பலன் தருகிறது; தாமதிக்கத் தாமதிக்கப் பலன் குறைகிறது. மாறுகண் இருந்தால் அதிர்ஷ்டம் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டுக் காத்திருக்கும் பெற்றோர்களைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. குழந்தையின் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தாலோ, ஒளிப்படத்தில் ஒரு கண் மட்டும் வெண்மையாக ஒளிர்ந்தாலோ, அது கண்ணுக்குள் வளரும் புற்றுநோயாகவும் இருக்கக்கூடும். ஒருநாள்கூடத் தள்ளிப்போடாமல் குழந்தைகள் கண் பிரிவு உள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குறைமாதத்தில், 34 வாரத்துக்கு முன்போ 2000 கிராமுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த நான்கு வாரத்துக்குள் விழித்திரை மருத்துவர் பார்த்தாக வேண்டும். பள்ளி வயதில், தூரத்தில் எழுதியிருப்பது தெரியாத சாதாரணக் குறைக்கு, பள்ளிகளில் நடக்கும் அரசு பரிசோதனையும் இலவசக் கண்ணாடியும் நல்ல ஏற்பாடுதான்.

கண் சிவப்பும் காயமும் வேறு வகை. நம் மாவட்டம் நெல்லும் கரும்பும் முந்திரியும் விளையும் மண். நெல் தூற்றும்போது பறக்கும் உமியோ, கரும்புத் தோகையின் விளிம்போ கருவிழியைக் கீறிவிட்டால், அந்தக் கீறலில் பூஞ்சைக் கிருமி குடியேறும் வாய்ப்பு அதிகம். தென்னிந்தியாவில் கருவிழிப் புண்களில் பெரும் பங்கு பூஞ்சையால் வருபவை. அத்தகைய புண்ணுக்கு மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு கலந்திருந்தால், சிவப்பு இரண்டு நாள் குறைவதுபோலத் தோன்றி, புண் ஆழமாகிக் கருவிழியையே துளைத்துவிடும். தாய்ப்பால் விடுவது, இலைச்சாறு பிழிவது, நாக்கால் தூசியை எடுப்பது எல்லாமே கிருமியைச் சேர்க்கும் செயல்கள். இங்கே ஆப்டோமெட்ரிஸ்டும் வேண்டாம், மருந்துக் கடையும் வேண்டாம். புண்ணைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்து, என்ன கிருமி என்று தெரிந்து மருந்து கொடுக்கும் வசதியுள்ள கண் மருத்துவமனைக்கே நேராகப் போக வேண்டும். சுண்ணாம்போ வேறு இரசாயனமோ கண்ணில் பட்டால் மட்டும், போவதற்கு முன் அந்த இடத்திலேயே நல்ல தண்ணீரால் அரைமணி நேரமாவது விடாமல் கழுவ வேண்டும். சுண்ணாம்பு கண்ணுக்குள் ஊடுருவிக்கொண்டே போகும், கழுவாமல் வண்டியில் கழிந்த நேரத்தை எந்த மருத்துவராலும் திருப்பித் தர இயலாது.

சிற்றூர்களில் இருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு வழிகள் உண்டு. சில ஆரம்ப சுகாதார நிலையங்களில் கண் மருத்துவ உதவியாளர் இருக்கிறார். பவர் பார்ப்பது, கண்புரையைக் கண்டறிந்து மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்புவது முதலியவற்றில் அவர் பழுத்த அனுபவம் உடையவராகவே இருப்பார். மற்றொன்று, அரவிந்த் போன்ற நிறுவனங்கள் சிறு ஊர்களில் நடத்தும் பார்வை மையங்கள். அங்கே பயிற்சி பெற்ற பணியாளர் சோதித்து, படங்களை அனுப்பி, தொலைவிலுள்ள கண் மருத்துவர் காணொளியில் நோயாளியிடம் பேசி முடிவு சொல்கிறார். வெறும் கண்ணாடிக் கடையையும் இத்தகைய மையத்தையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. இதில் மருத்துவரின் கண் ஒன்று கூடுதலாக இருக்கிறது. சர்க்கரை நோயாளியின் விழித்திரைப் படத்தை இந்த வழியில் எடுத்து அனுப்பிவிட முடிவது பெரிய நன்மை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிகளிலும் மண்டபங்களிலும் நடக்கும் இலவசக் கண் முகாம், அடிப்படையில் கண்புரைக்கானது. புரை கண்டறியப்பட்டவரைப் பேருந்தில் அழைத்துச் சென்று, லென்ஸ் வைத்து, திரும்பக் கொண்டுவந்து விடும் அந்த ஏற்பாடு, கையில் காசில்லாத முதியோருக்குக் கிடைத்த பெரும் பேறு. மருத்துவர் ஜி. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் இந்த முறையை வளர்த்தெடுத்தது. மத்திய அரசின் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டமும் அதே ஆண்டில்தான் தொடங்கியது. வெளிநாட்டிலிருந்து அதிக விலைக்கு வந்துகொண்டிருந்த கண் லென்ஸை 1992 முதல் அரவிந்தின் உற்பத்திப் பிரிவான அரோலேப் மதுரையிலேயே செய்யத் தொடங்கியதும் செலவைக் குறைத்தது. ஆனால் முகாமில் புரை இல்லை என்று சொல்லி அனுப்பினால், கிளாக்கோமாவும் விழித்திரை நோயும் இல்லை என்று பொருள் கொள்ளக் கூடாது. அறுவை சிகிச்சையைப் பொறுத்தவரை, அரசு மருத்துவமனையா தனியாரா என்பதில் நான் பெரிய வேறுபாடு காண்பதில்லை. சிறு வெட்டு முறையானாலும், புரையை ஒலியலையால் உடைத்து உறிஞ்சும் ஃபேகோ கருவி முறையானாலும், கைதேர்ந்தவர் செய்தால் பார்வை நன்றாகவே வருகிறது. கட்டண வேறுபாட்டில் பெரும்பகுதி லென்ஸின் வகைக்கும் அறை வசதிக்கும் உரியது. கடலூர்வாசிகள் புதுச்சேரி எல்லைக்குள் செல்லும்போது, தம்மிடமுள்ள தமிழ்நாட்டுக் காப்பீட்டு அட்டை அந்த மருத்துவமனையில் குறிப்பிட்ட சிகிச்சைக்குச் செல்லுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

கண்ணுக்கென்றே உள்ள மருத்துவமனைக்கும் ஜிப்மர் போன்ற பெரிய பொது மருத்துவமனைக்கும் இடையே தெரிவு செய்வதற்கு எளிய அளவுகோல் ஒன்று உண்டு. நோய் கண்ணுக்குள் இருந்தால் கண் மருத்துவமனை போதும். திடீரென மின்னல்போல ஒளி தெறித்தல், கறுப்புப் புள்ளிகள் மிதத்தல், ஒரு பக்கம் திரை இறங்கியதுபோலத் தெரிதல் ஆகியவை விழித்திரை கிழிவதன் அறிகுறிகள். விழித்திரைப் பிரிவுள்ள கண் மருத்துவமனைக்கு அன்றே செல்ல வேண்டும். கடும் கண்வலி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம், வாந்தி என்று வந்தால் அது திடீர் கிளாக்கோமா; வயிற்றுக் கோளாறு என்று எண்ணி இரவைக் கழித்துவிடக் கூடாது. ஆனால் வலியே இல்லாமல் ஒரு கண் நொடியில் இருண்டுபோனாலோ, தலைவலியோடு இமை தொங்கி எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ, அது மூளை, இரத்த நாளம் சார்ந்த அபாயமாக இருக்கக்கூடும். அப்போது நரம்பியலும் ஸ்கேனும் ஒரே வளாகத்தில் உள்ள பொது மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவே உரிய இடம். விழித்திரை மருத்துவர், கருவிழி மருத்துவர் என்று உட்பிரிவு நிபுணரை நாமாகவே தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் தேவையில்லை. பொதுக் கண் மருத்துவர் பார்த்துச் சரியான பிரிவுக்கு அனுப்புவார்.

யாரிடம் சென்றாலும் பழைய சீட்டுகளையும் பழைய கண்ணாடியையும், உட்கொள்ளும் மாத்திரைகளின் பட்டியலையும் எடுத்துச் செல்ல வேண்டும். கண்மணியை விரிக்கும் மருந்து விட்டால் சில மணிநேரம் பார்வை மங்கி வெளிச்சம் கூசும். எனவே வண்டி ஓட்டிக்கொண்டு தனியாகச் செல்லாமல் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்வது நல்லது.

இறுதியாக, எல்லாச் சிகிச்சையும் முடிந்து, இனிமேல் மருந்தாலோ அறுவையாலோ பார்வை மேம்படாது என்று மருத்துவர் சொல்லிவிட்டவர்களைப் பற்றி. அவர்களில் பலர் அத்தோடு வீட்டில் முடங்கிவிடுகிறார்கள். அவர்களுக்கு அடுத்து உதவக்கூடியவர் மீண்டும் ஆப்டோமெட்ரிஸ்ட்தான். பெரிய கண் மருத்துவமனைகளில் உள்ள குறைப்பார்வைப் பிரிவில் அவர், எஞ்சியிருக்கும் பார்வையை அளந்து, உருப்பெருக்கி, சிறு தொலைநோக்கி, படிப்பதற்கான மின்னணுக் கருவி போன்றவற்றில் எது பொருந்தும் என்று பார்த்துப் பழக்கித் தருவார். மாணவராக இருந்தால் மீண்டும் புத்தகம் படிக்க முடியும்; முதியவராக இருந்தால் மருந்துச் சீட்டைத் தாமே படித்துக்கொள்ளலாம். குறைபாடு 40 விழுக்காடோ அதற்கு மேலோ இருப்பதாக மருத்துவக் குழு சான்றளித்தால் மாற்றுத்திறனாளிக்கான அடையாள அட்டைக்கும் சலுகைகளுக்கும் விண்ணப்பிக்கலாம். அந்தச் சான்றைக் கண்ணாடிக் கடையிலோ ஆப்டோமெட்ரிஸ்டிடமோ பெற இயலாது. அதற்கு அரசு மருத்துவமனைக்கே செல்ல வேண்டும்.